தமிழ் எழுத்தோவியத்துக்கு எந்த ஸ்கெட்ச் புத்தகம்? மொரீசியஸில் வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

‘தைப்பூசக் காவடி’ என்பதை 20 மி.மீ. உயரத்தில், அகல முனைப் பேனாவால், ஒரே வரியில் எழுதினால் ஏறத்தாழ 265 மி.மீ. நீளம் பிடிக்கும். ‘தை’ ஒன்றே 45 மி.மீ. எடுத்துக்கொள்ளும். பையில் வைத்துக்கொள்ள வசதி என்று பலரும் வாங்கும் ஏ5 ஸ்கெட்ச் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் 148 மி.மீ. இரு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் மிஞ்சுவது 128. முதல் சொல்லே அதில் அடங்காது. அடக்குவதற்காக எழுத்தைச் சிறிதாக்குகிறோம். சிறிதாக்கினால் சுழிகள் அடைபடுகின்றன. அடைபட்ட சுழியைப் பார்த்துவிட்டு, இந்த யோசனை சரிப்படாது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். யோசனையில் குறையில்லை, தாளின் அகலம் போதவில்லை என்பது கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே, தமிழில் எழுத்தோவியம் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் அகலம். தாளின் தடிமன், அட்டையின் அழகு, பிராண்டின் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான ஆலோசனைகள் ரோமன் எழுத்துக்காகச் சொல்லப்பட்டவை. அந்த எழுத்துகள் ஒடுங்கி நிற்கும். நம் எழுத்துகள் பக்கவாட்டில் விரியும். கொம்பும் காலும் சேர்ந்தால் ஓர் எழுத்தே மூன்று எழுத்தின் இடத்தைப் பிடிக்கும். ‘கோ’வை எழுதிப் பாருங்கள், ‘ணை’யை எழுதிப் பாருங்கள்.

மொரீசியஸில் இந்த வேலை பெரும்பாலும் எதற்குத் தேவைப்படுகிறது? காவடித் திருவிழாவுக்கும் தீமிதிக்கும் கோயில் வாசலில் கட்டும் பதாகை, வருஷப்பிறப்பு வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு, பள்ளி விழா மேடையின் பின்திரை. இவை எல்லாவற்றிலும் தமிழுக்குக் கீழேயோ பக்கத்திலோ ரோமன் எழுத்தும் வரும். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத சொந்தக்காரர்களும் அதே பதாகையைப் பார்த்துத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். ஆக, இரண்டு எழுத்துமுறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இடம் தரும் புத்தகம் வேண்டும்.

இங்கே ஒப்பிடுபவை நான்கு: தைத்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகம், கம்பிக் கட்டுப் புத்தகம், கோப்பில் போட்டு வைக்கும் தனித் தாள்கள், புள்ளிக் கட்டம் அச்சிட்ட நோட்டு. டேப்லெட்டைப் பற்றியும் கொஞ்சம்.

புத்தகத்திடம் நாம் கேட்கும் வேலை

எழுத்தோவியத்துக்கான யோசனை ஒரே வரைவில் பிறப்பதில்லை. முதலில் தீப்பெட்டி அளவுச் சிறு வரைவுகள்: 7 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் கொண்ட கட்டங்கள் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு போட்டு, முனை மழுங்கிய 2பி பென்சிலால் சொற்கள் எப்படி உட்காரும் என்பதை மட்டும் பார்ப்பது. ஒரே வரியா, இரண்டு வரியா, வளைவிலா, எந்தச் சொல் பெரிது. இங்கே எழுத்தின் அழகைத் தேடக் கூடாது. மழுங்கிய முனை நுணுக்கத்துக்கு இடம் கொடுக்காது, அதற்காகவே அது.

அதில் மூன்றைத் தேர்ந்து மூன்று மடங்கு பெரிதாக, ஒற்றைக் கோட்டு எலும்புக்கூடாக வரைவது அடுத்த படி. அதன்மேல் டிரேசிங் தாள் போட்டு எழுத்துக்குத் தடிமன் கொடுப்பது, இன்னொரு தாள் போட்டு இடைவெளி திருத்துவது, மறுபடி ஒன்று போட்டு சுழிகளைச் சரிசெய்வது என்று நாலைந்து அடுக்கு போகும். கடைசி அடுக்கு மையில் முடிந்து ஸ்கேனருக்கோ துணிக்கோ போகும்.

இந்த ஓட்டத்தில் ஒரு புத்தகம் மூன்று இடங்களில் நம்மைக் கைவிடக்கூடும். மேலே தாள் போட்டு வரைய வசதியாகத் தட்டையாகத் திறக்காமல் போகலாம். ஐந்தாம் வரைவையும் முதல் வரைவையும் அருகருகே வைத்துப் பார்க்க முடியாமல் போகலாம். ஸ்கேனரில் படியாமல் போகலாம். நான்கு வகைகளையும் இந்த மூன்று கேள்விகளோடு பார்ப்போம்.

தைத்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகம்

பார்க்க அழகானது, பல ஆண்டு நிற்பது, பக்கம் தொலையாதது. பார்த்த எழுத்தை எடுத்து வைக்கும் சேகரிப்பு நோட்டுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. பழைய கோயில் கல்வெட்டுப் பலகை, கல்லறைக் கல், கடைப் பெயர்ப்பலகை, ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழ் வரி எல்லாவற்றையும் அளவோடு பார்த்து வரைந்து தேதி போட்டு வைக்கலாம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் எழுதப்பட்ட பலகைகளில் ‘ணை’, ‘லை’, ‘னை’ ஆகியவை துதிக்கை போல மேலெழுந்த ஐகாரத்தோடு இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ காலில்லாமல் ஒரே எழுத்தாக வளைந்திருக்கும். அவை அகலத்தை மிச்சப்படுத்தும் வடிவங்கள். இறுக்கமான ஒரு வரியை அமைக்கும்போது அந்தத் தர்க்கம் உதவும். ஆனால் இன்று பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை அந்தப் பழைய ‘றா’வைப் படிக்கத் தடுமாறும். பதாகையில் போடுவதற்கு முன் யார் படிக்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

யோசனையை வளர்க்கும் மேசையில் இந்தப் புத்தகம் அவ்வளவு உதவாது. தாள்களைப் பல மடிப்புகளாகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பின் நடுப்பக்கத்தில் மட்டும்தான் புத்தகம் முழுத் தட்டையாகத் திறக்கும். மற்றப் பக்கங்களில் முதுகோரம் 10, 12 மி.மீ. வளைந்து உள்ளே போய்விடும். வளைந்த இடத்தில் டிரேசிங் தாள் படியாது. அகல முனைப் பேனாவின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு கோடு பிசிறும். புதுப் புத்தகத்தை முன்னிருந்து சில தாள், பின்னிருந்து சில தாள் என மாற்றி மாற்றித் திறந்து அழுத்திவிட்டால் முதுகு ஓரளவு தளரும். முழுதும் தீராது.

இரண்டாவது சங்கடம், பென்சில் கரி எதிர்ப்பக்கத்தில் ஒட்டுவது. 2பி, 4பி பென்சிலால் நிரப்பிய இரண்டு பக்கங்கள் மூடிய புத்தகத்துக்குள் உரசிக்கொண்டே இருக்கும். பையில் ஒரு வாரம் சுமந்தால் இரண்டும் சாம்பல் பூத்துவிடும். வலப்பக்கத்தில் மட்டும் வரைவது, அல்லது நடுவே ஒரு டிரேசிங் தாள் வைப்பது, வேறு வழியில்லை.

மூன்றாவதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கிய அழகான புத்தகத்தில் மோசமான வரைவைப் போடக் கை கூசும். எழுத்தோவியத்தில் பத்தில் எட்டு வரைவுகள் மோசமாகத்தான் இருக்கும். அவை வந்து போனால்தான் ஒன்பதாவது வரும். கூச்சத்தால் முதல் பக்கத்திலேயே முடிந்த படத்தை வரையத் தொடங்குபவர்களுக்கு இந்தப் புத்தகம் நல்லதில்லை.

கம்பிக் கட்டு

கம்பிக் கட்டில் இரண்டு வகை உண்டு. ஒற்றைச் சுருள் கம்பி ஒன்று. இரட்டை வளையக் கம்பி இன்னொன்று. கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒற்றைச் சுருளைத் திறந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று அரைத் துளை ஏறி இறங்கி நிற்கும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு நீள வரி எழுதினால் அடிக்கோடு நடுவில் படி இறங்கும். இரட்டை வளையத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இடப்பக்கக் கம்பி என்றால், பின்பக்கத் தாளில் எழுதும்போது வலக்கைக்காரருக்கு வரி முடியும் இடத்தில் உள்ளங்கை கம்பியின்மேல் ஏறும். தமிழ் வரி நீளமானது, பக்கத்தின் கடைசிவரை போவது. கை ஏறும் இடத்தில் எழுத்து நடுங்கும். நீள ஓரத்தின் மேல்புறம் கம்பி போட்ட கிடைவாக்கு ஏ4 புத்தகம் கிடைத்தால் அதை எடுங்கள். 297 மி.மீ. அகலம், ஓரம் போக 277. நம் ‘தைப்பூசக் காவடி’ 20 மி.மீ. உயரத்தில் அப்படியே உட்காரும். அந்த வகை கிடைக்காவிட்டால் சாதாரண இடக்கம்பி ஏ4 புத்தகத்தைத் திருப்பி, கம்பி மேலே வரும்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அகலம் 210 ஆகிவிடாமல் இருக்க, கம்பி எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: நீள ஓரத்தில் கம்பி இருந்தால் திருப்பலாம், குட்டை ஓரத்தில் இருந்தால் திருப்பிப் பயனில்லை.

தட்டையாகத் திறக்கும். பின்னுக்கு மடித்து மடியில் வைத்தும் வரையலாம். ஒரு தாளைக் கிழித்தெடுத்து ஸ்கேனரில் வைக்கலாம். வீட்டு ஸ்கேனர்கள் ஏ4 அளவுக்குத்தான் இருக்கின்றன. தைத்த புத்தகத்தின் முதுகு அதில் படியாமல் நிழல் விழும் என்பதை நினைத்தால் இந்த வசதி பெரியது. குறை என்னவென்றால், துளை பிய்ந்து தாள் கழலும். அடிக்கடி புரட்டும் புத்தகத்தில் முதல் பத்துத் தாளும் கடைசிப் பத்தும் முதலில் போகும்.

தனித் தாள்கள்

அழகில்லாத வழி. ஆனால் யோசனை வளர்வது இதில்தான் வேகமாக நடக்கிறது என்பதே எங்கள் உறுதியான கருத்து. 500 தாள் கொண்ட 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) நகல் தாள் கட்டு ஒன்று, ஏ4 டிரேசிங் தாள் அடுக்கு ஒன்று, பிடி அட்டை ஒன்று, இரட்டைத் துளைக் கோப்பு ஒன்று. லிப்ரேரியில், அதாவது புத்தகக் கடையில், பாப்பியே கால்க் என்று கேட்டாலே டிரேசிங் தாள் எடுத்துக் கொடுப்பார்கள். 60 ஜி.எஸ்.எம். அளவுள்ளது நன்றாகத் தெளிந்து தெரியும், ஆனால் ரப்பர் போட்டால் சுருங்கும், கிழியும். 90 அளவுள்ளது ரப்பரைத் தாங்கும். ஆனால் அதில் மூன்று அடுக்குக்கு மேல் போனால் கீழே உள்ளது மங்கிவிடும். அடுக்கு அடுக்காகத் திருத்துபவருக்கு மெல்லியது, ஒரே தாளில் அழித்து அழித்துத் திருத்துபவருக்குத் தடித்தது.

தனித் தாளின் பலம் எங்கே தெரியும் என்றால், இரண்டு வரி அமைப்பில். ‘வருஷப்பிறப்பு’ மேலே, ‘வாழ்த்துகள்’ கீழே என்று வையுங்கள். மேல்வரியில் ‘ரு’, ‘ற’, ‘பு’ மூன்றும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். கீழ்வரியில் ‘ழ்’, ‘த்’, ‘ள்’ மூன்றின் புள்ளியும் மேலே ஏறும். எது எதில் மோதும் என்பது இரண்டு வரிகளும் பக்கவாட்டில் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. புத்தகத்தில் என்றால் இடம் மாற்ற ஒவ்வொரு முறையும் முழுவதும் வரைய வேண்டும். இரண்டு வரிகளையும் தனித்தனி டிரேசிங் துண்டில் எழுதி ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால், மோதாத இடம் சில நிமிடத்தில் கண்ணில் படும். சில சமயம் மோதலே அழகாக முடியும்: ‘பு’வின் கீழ்க்கோடு இறங்குகிற இடத்தில் ‘ள்’ளின் புள்ளியைச் சற்று ஒதுக்கி வைத்தால் இரண்டு வரியும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு நகர்த்திப் பார்க்கும்போதுதான் தட்டுப்படுகிறது. உட்கார்ந்து யோசித்தால் வருவதில்லை.

ரோமன் வரியைச் சேர்ப்பதும் இப்படித்தான். தமிழ் எழுத்தின் உடல் உயரம் (மேல்விலங்கும் கீழ் இறக்கமும் சேராத உயரம்) 20 மி.மீ. என்றால் ரோமன் பெரிய எழுத்துகளை 16 மி.மீ.யில் தொடங்குங்கள். இரண்டும் ஒரே உயரம் என்றால் ரோமன் வரி நேர்கோட்டுச் சுவர் போல நின்று தமிழை அமுக்கும். எந்த எழுத்து முதலில், எது பெரிது என்பது இந்தத் தீவில் வெறும் வடிவமைப்புக் கேள்வியாக இருந்ததில்லை. 1998இல் மொரீசியஸ் வங்கி வெளியிட்ட புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனபோது எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் பழையபடி மேலே வந்தது. வரிசையைச் சிறு வரைவிலேயே கேட்டு முடிவு செய்துவிட்டால், பதாகை எழுதிய பிறகு கோயில் சபையில் வாக்குவாதம் வராது.

தனித் தாளின் பலவீனம், தொலைந்து போவது. மூலையில் தேதி, வேலையின் பெயர், வரைவு எண் மூன்றையும் எழுதாத தாள் ஒரு மாதத்தில் குப்பைக்குப் போய்விடும். ‘காவடி 1’, அதிலிருந்து வந்தது ‘காவடி 1அ’, அதன் திருத்தம் ‘காவடி 1ஆ’ என்று கிளை தெரியும்படி எண் போடுங்கள். கோப்பில் பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரமான நாட்களில் பென்சில் கரியும் நகலெடுத்த தாளின் மையும் உறையில் ஒட்டிக்கொண்டு வரும். துளை போட்டு நேராகக் கோப்பதே நல்லது.

புள்ளிக் கட்ட நோட்டு

5 மி.மீ. இடைவெளியில் சாம்பல் புள்ளிகள் அச்சிட்ட இந்த நோட்டுகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. தமிழுக்கு ஒரு தனி நன்மை உண்டு. நமக்கு வேண்டியது நான்கு கோடு: மேல் எல்லை, உடலின் தலை, அடிக்கோடு, கீழ் எல்லை. உடல் 20 மி.மீ. என்றால் ‘கி’, ‘டி’, ‘கீ’யின் மேல்விலங்குக்கும் புள்ளிக்கும் மேலே 8 மி.மீ., ‘கு’, ‘து’, ‘ழு’வின் இறக்கத்துக்குக் கீழே 10 மி.மீ. வேண்டும். புள்ளிக் கட்டத்தில் உடல் நான்கு கட்டம், மேலே ஒன்றரை, கீழே இரண்டு என்று அளவுகோல் இல்லாமலே பிடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இது ஏற்றது.

ஆனால் யோசனைக் கட்டத்தில் புள்ளிகள் கையை அடக்குகின்றன. வளைவில் போக வேண்டிய வரி தானாக நேராகிவிடும். ‘ட’வும் ‘ப’வும் கட்டத்துக்குள் அழகாக உட்காரும், ‘ஐ’, ‘இ’, ‘ஞ’, ‘ழ’ எல்லாம் கட்டத்துக்காகத் தங்கள் வளைவை இழக்கும். ஸ்கேன் செய்தால் புள்ளிகளும் சேர்ந்து வரும், அவற்றைத் துடைக்க வேலை. இதற்கு எளிய மாற்று உண்டு: ஒரு நகல் தாளில் கறுப்பு மையால் நான்கு கோட்டு வரிகளைத் தடிப்பாகப் போட்டு, வரையும் வெள்ளைத் தாளுக்கு அடியில் வையுங்கள். 80 ஜி.எஸ்.எம். தாள் வழியே அது தெரியும். 15, 20, 25 மி.மீ. உடல் உயரத்துக்கு ஒவ்வொரு அடித்தாள் செய்து வைத்தால் போதும். இதனாலேயே புள்ளிக் கட்ட நோட்டைத் தனியே வாங்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

டேப்லெட்

இடைவெளி திருத்தவும், நிறம் பார்க்கவும், அச்சகத்துக்கு அனுப்பவும் நல்லது. சிறு வரைவுக்கு நல்லதல்ல. பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைகிற பழக்கம் வந்துவிடும். திரையில் 10 செ.மீ. உயரத்தில் அழகாகத் தெரிந்த ‘ண’ கல்யாணப் பத்திரிகையில் 8 மி.மீ.க்கு வரும்போது ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு ஒரு சுழி. அந்தச் சுழி அடைந்தால் பெயரே மாறிவிடும். தாளில் வரையும்போது அச்சில் வரப்போகும் அளவிலேயே ஒரு முறை எழுதிப் பார்ப்பது தானாக நடக்கிறது.

தாள்: மையும் ஈரமும்

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. அது தடிமனை ஓரளவு சொல்லும். மை எப்படி நிற்கும் என்பதைச் சொல்லாது. மையைப் பிடித்து நிறுத்துவது தாளுக்குப் போட்டிருக்கும் பசைப்பூச்சு. அதனால்தான் நல்ல பூச்சுள்ள 80 ஜி.எஸ்.எம். தாளில் கூர்மையாக நிற்கும் கோடு, பூச்சுக் குறைந்த 150 ஜி.எஸ்.எம். தாளில் மயிர் மயிராகப் பரவுகிறது.

பென்சில் மட்டும் என்றால் 80 முதல் 100 வரை போதும். அகல முனைப் பேனாவுக்கும் நீர்மைப் பிரஷ் பேனாவுக்கும் 100 முதல் 120. பைலட் பேரலல் என்ற அகல முனைப் பேனா நிறைய மை விடும், 3.8, 6.0 மி.மீ. முனைகளுக்கு 120க்குக் குறைந்தால் பின்பக்கம் தெரியும். ஸ்பிரிட் மார்க்கர் எந்தச் சாதாரணத் தாளையும் ஊடுருவும். அதற்கென்று வரும் மார்க்கர் தாள் வேண்டும், அல்லது அடியில் ஒரு தடித்த அட்டை வைக்க வேண்டும். போஸ்டர் கலர் தொடுவதாக இருந்தால் 200க்கு மேல். ஒரே புத்தகத்தில் இவை எல்லாவற்றையும் செய்ய நினைத்து 200 ஜி.எஸ்.எம். புத்தகம் வாங்கினால், அடித்தாள் கோடு தெரியாது, தாளின் எண்ணிக்கை குறையும், விலை ஏறும்.

மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கட்டும். சொரசொரப்பான தாள் பென்சில் ஓவியத்துக்கு அழகு. பிரஷ் பேனாவின் நார் முனையை அது அறுத்துவிடும். முனை பிரிந்த பிரஷ் பேனாவால் மெல்லிய மேல்நோக்குக் கோடு வராது, எவ்வளவு பழகினாலும்.

அகல முனைக்கு ஓர் அளவு: உடல் உயரம் முனையின் அகலத்தைப்போல் ஐந்தரை மடங்கு இருந்தால் பெரும்பாலான எழுத்துகள் நன்றாக நிற்கும். 3.8 மி.மீ. முனைக்கு 21 மி.மீ., 2.4க்கு 13 மி.மீ. ‘ண’, ‘ஐ’, ‘இ’ மூன்றும் அதிகமாக வரும் சொல்லென்றால் ஆறரை மடங்குக்கு ஏற்றுங்கள், இல்லையேல் உட்புறம் அடையும். ‘ர’வுக்கும் காலுக்கும் வேறுபாட்டையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானியுங்கள். ‘ர’வின் அடியில் சாய்வுக் கோடு இல்லாவிட்டால் ‘கொ’வை ‘கெர’ என்று படிக்க இடம் வரும்.

இனி ஈரம். காவடி வருவது சனவரியிலோ பிப்ரவரியிலோ, புயல் பருவத்தின் நடுவில். பதாகை வேலை நடக்கும் நாட்களும் அவைதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பிலும் பக்கத்து வாக்குவாவிலும் மழையும் மூடுபனியும் அதிகம். போர்ட் லூயிஸில் அவ்வளவு இல்லை. மேட்டு நிலத்தில் இருப்பவர் புத்தகத்தை மேசைமேல் திறந்தபடி விட்டால் காலையில் தாள் அலையலையாக நிற்கும். ஈரமேறிய தாளில் மை அதிகமாகப் பரவும். அதே புத்தகத்தில் ஆகஸ்டில் கூர்மையாக நின்ற பேனா பிப்ரவரியில் பிசிறுவதற்கு இதுவே காரணம். டிரேசிங் தாள் சுருண்டுகொள்ளும். கரையோரத்தில் உப்புக் காற்று கம்பிக் கட்டைத் துருப்பிடிக்க வைக்கும். துருக்கறை தாளின் ஓரத்தில் இறங்கினால் போகாது. அதனால் கரையோர வீடுகளுக்குப் பிளாஸ்டிக் பூசிய கம்பி நல்லது.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் புத்தகத்தையும் தாள் கட்டையும் படுக்க வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு மூடினால் போதும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்க வேண்டாம். முதுகுப் பசையையும் தாள் பூச்சின் மாவையும் வெள்ளிப்பூச்சி தின்னும். தைத்துக் கட்டிய பழைய புத்தகங்கள்தான் முதலில் மாட்டும்.

எந்த வேலைக்கு எது

கோயில் பதாகை எழுதுபவருக்கு: தனித் தாளும் டிரேசிங் தாளும், கூடவே கிடைவாக்கு ஏ4 கம்பிப் புத்தகம் ஒன்று. இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 3 மீட்டர் நீளம், 90 செ.மீ. உயரப் பதாகையைப் பத்தில் ஒரு பங்காக வரைந்தால் 30 செ.மீ. ஆகும், ஏ4 தாளின் நீளம் 29.7. மூன்று மில்லிமீட்டர் போதாமல் எழுத்தை நெருக்குவதைவிட, பன்னிரண்டில் ஒரு பங்காக வரையுங்கள்: 25 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. உயரம். ஓரத்துக்கு இடம் கிடைக்கும். அதன்மேல் 1 செ.மீ. கட்டம் போட்டு, துணியில் 12 செ.மீ. கட்டம் சுண்ணக்கட்டியால் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுங்கள். கட்டத்தை மூல வரைவின்மேல் போடாமல் டிரேசிங் தாளில் போட்டு மேலே வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே கட்டம் உதவும். துணியில் எழுதாமல் ஃபிளெக்ஸ் அச்சுக்கு அனுப்புவதென்றால், மையிட்ட தனித் தாளை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, எவ்வளவு பெருக்கினாலும் விளிம்பு உடையாத வெக்டர் வடிவமாக மாற்றியே கொடுக்க வேண்டும். 20 மி.மீ. எழுத்து ஸ்கேனில் 470 பிக்சல்தான். அதை அப்படியே பன்னிரண்டு மடங்கு பெருக்கினால் விளிம்பு படிக்கட்டாகும்.

கல்யாணப் பத்திரிகை, வாழ்த்து அட்டை செய்பவருக்கு: ஏ5 கிடைவாக்குக் கம்பிப் புத்தகம் போதும். 210 மி.மீ. அகலம், மாப்பிள்ளை, பெண் பெயர்கள் வசதியாக உட்காரும். வரைந்ததை அச்சாகும் உண்மை அளவில் நகலெடுத்துக் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் விலை குறைந்ததையே வாங்குங்கள். நகல் தாளும் நான்கு கோட்டு அடித்தாளும் கொடுத்தால் அந்தப் பிள்ளை பயமில்லாமல் எழுதும்.

தைத்துக் கட்டிய நல்ல புத்தகம் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதைச் சேகரிப்பு நோட்டாக்குங்கள். முடிந்த வேலையின் சிறு நகலை ஒட்டி, பயன்படுத்திய முனை, உடல் உயரம், தாள், மை ஆகியவற்றை அருகில் குறித்து வைத்தால், அடுத்த காவடிக்கு ஒரே எழுத்தளவைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

கடையில் பிரித்துப் பார்க்க அனுமதித்தால், உங்கள் பேனாவையும் பென்சிலையும் கொண்டுபோய் மாதிரித் தாளின் மூலையில் ‘ணை’ என்று ஒரு முறை எழுதுங்கள். சுழிகளின் உட்புறம் வெள்ளையாக நிற்கிறதா, கோட்டின் விளிம்பு பிசிறுகிறதா, பின்பக்கம் மை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து, அழித்த இடத்தின்மேல் அதே பேனாவால் மறுபடி எழுதுங்கள். மலிவான தாள்கள் பல முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தோற்கும். ரப்பர் பூச்சைச் சுரண்டிவிட்ட இடத்தில் மை பரவும். எழுத்தோவியக்காரர் பக்கத்துக்குப் பத்து முறை ரப்பர் போடுபவர் என்பதால், இந்த இரண்டாவது சோதனையில் நிற்கும் தாளையே வாங்குங்கள்.